காலுக்குக் கீழே: வழக்கம்போல்

சுமதிக்கும் ரேவதிக்கும்,

திங்கட்கிழமை முதல் வரைபட மேசை உங்கள் இருவருடையது. முப்பத்தோரு வயதில் ஒருத்தி பணி அனுபவம் எழுதுகிறாள் என்றால் சிரிப்பு வரும். எனக்கே வருகிறது. ஆனால் வீட்டுக்காரருக்கு வேலூருக்கு மாற்றல் ஆகிவிட்டது. சின்னவளுக்கு ஏழு மாதம். பெரியவளுக்கு அங்கே பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். எட்டு வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டுப் போகும்போது எதையாவது சொல்லிவிட்டுப் போவதுதானே முறை என்று தோன்றியது. சொல்லாமல் போனால் நீங்களும் அதே தப்பைச் செய்வீர்களோ என்ற பயமும் இருக்கிறது.

கம்பி கட்டுவதையும் சாந்து பூசுவதையும் நான் சொல்லப் போவதில்லை. மேஸ்திரியும் ஏழுமலை அண்ணனும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லை ஒரு நாள் ஆர்டர் தாளில் எழுதினேன். எழுதும்போது, இது எல்லோருக்கும் புரியும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் புரிந்தது. அதனால்தான் அவ்வளவு பாடும்.

நம் சிலைக்கூடத்துக்கு வரும் ஆர்டர்கள் உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். பாதி கோபுரத்துச் சாமிகள், மீதி பாதியில் கட்சித் தலைவர்கள், அவ்வப்போது ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் புத்தர். வரைவதும் அளவு குறிப்பதும் நம் வேலை. தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதுவோம். "பீடம்: வழக்கம்போல்." "தாமரை: வழக்கம்போல்." இப்படி எழுதினால் ஏழுமலை அண்ணன் மறு கேள்வி கேட்க மாட்டார். ஒன்பது வருடம் கோபுர வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கைக்கு எல்லாமே வழக்கம்தான்.

கார்கில் சண்டை முடிந்த மறு வருடம், கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சண்டையில் இறந்திருந்தார். ஊர் பஸ் நிறுத்தத்தில் அவருக்கு ஏழடிச் சிலை வைக்க வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் முன்னால் நின்று பேசியவர் ஊர்த் தலைவர். வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டி வைத்திருப்பவர், குரல் பெரிது.

"துப்பாக்கி இருக்கணும். கொடி இருக்கணும். கால்ல எதிரி ஒருத்தன் கெடக்கணும்" என்றார்.

"எதிரி வேணுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்படிக் கேக்கற? எதிரி இல்லாம நின்னா எவனாவது பஸ்ஸுக்கு நிக்கிறான்னு நெனச்சுக்குவான்."

அவர்களோடு அந்த வீரரின் மனைவி கலாவதியும் வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். கூட்டம் மேஸ்திரியோடு பீடத்து உயரத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் என் மேசைக்கு வந்து ஒரு புகைப்படத்தை வைத்தாள்.

"மேடம், எம்பொண்ணுக்கு ரெண்டரை வயசு. அவரு கடைசியா லீவுல வந்தப்போ கைக்குழந்தை. அப்பா மூஞ்சி அவளுக்குத் தெரியாது. போட்டோ காட்டினா கையால தள்ளி விட்டுடறா. இந்தச் சிலையைத்தான் அப்பான்னு காட்டப் போறேன். கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுங்க."

என் பெண்ணுக்கும் அப்போது ரெண்டரை வயது. அந்த முகத்தை நான் நான்கு முறை வரைந்தேன். மூன்றாவதே சரியாக இருந்தது. ஆனாலும் நான்காவதும் வரைந்தேன். மூக்கு, நெற்றி, மேலுதட்டில் சின்னத் தழும்பு, எல்லாம் வந்துவிட்டது. பெல்ட் கொக்கி வந்தது. பூட்ஸ் கயிறு வந்தது. பூட்ஸுக்குக் கீழே வந்தபோது பென்சில் நின்றுவிட்டது.

எதிரி எப்படி இருப்பான்?

எனக்குத் தெரியவில்லை. என்ன தொப்பி, என்ன உடை, மீசை உண்டா இல்லையா எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓவிய ஆசிரியர் பயிற்சி முடித்தவள் என்பதால் என்னை இங்கே எல்லோரும் டீச்சரம்மா என்று கூப்பிடுவார்கள். டீச்சரம்மாவுக்குத் தெரியாது என்றால் நன்றாகவா இருக்கும்? அப்படி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. என் பெண்ணுக்கு உடம்பெல்லாம் கொப்பளம், அம்மை போட்டிருக்கிறது போல என்றார்கள். பூட்ஸுக்குக் கீழே ஒரு நீள்வட்டம் போட்டேன். ஓரத்தில் எழுதினேன்: "காலடியில் எதிரி: வழக்கம்போல்." தாளை ஏழுமலை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அம்மை போட்ட வீட்டை விட்டு எங்கே வருவது? அவளுக்கு இறங்கியதும் எனக்குப் போட்டது. மூன்று தண்ணீர் ஊற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது.

வாசலிலேயே சிலை தெரிந்தது. மார்பு, தோள், கழுத்து எல்லாம் அப்படியே உயிரோடு இருந்தது. அந்தத் தழும்பு கூடத் தப்பவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு கண்ணைக் கீழே இறக்கினேன்.

பூட்ஸுக்கு அடியில் முயலகன் படுத்திருந்தார்.

நடராசர் காலடியில் கிடப்பாரே, அவரேதான். சுருட்டை முடி, கோரைப்பல், பானை வயிறு. கையில் பாம்பு. மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டிலில் காற்று வாங்குகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். சரியாக அந்தத் தொப்பைமேல் ராணுவ பூட்ஸ். போதாததற்கு வீரரின் இடது குதிகால் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியிருந்தது.

"அண்ணா, இது யாரு?"

"எதிரி" என்றார் ஏழுமலை அண்ணன். "நீங்கதானே வழக்கம்போல்னு எழுதியிருந்தீங்க? நான் இத்தனை வருஷமா கால்ல போட்டது இவரைத்தான். வேற யாரையும் போட்டு எனக்கு வழக்கமில்ல."

"சண்டைக்கு வந்தவர் கையில எதுக்கு அண்ணா பாம்பு?"

"அது இல்லன்னா அவரு முயலகன்னு எப்படித் தெரியும்?"

"சரி, மிதி வாங்கறவர் ஏன் சிரிக்கிறாரு?"

"மிதி வாங்கறது அவருக்குப் புண்ணியம் டீச்சரம்மா. சந்தோஷமாத்தான் இருப்பாரு."

"இந்தக் கால் ஏன் தூக்கிக்கிட்டு இருக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம்தான் தூக்கினேன். ராணுவம்னுதான் ஜாஸ்தி தூக்கல."

கோபப்பட எனக்கு வழியில்லை. தாள் சுவரில் ஒட்டியிருந்தது. கையெழுத்து என்னுடையது. உடைத்துவிட்டு வேறு செய்யலாம், திறப்பு விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று மேஸ்திரியிடம் போனேன். அவர் அந்த மூன்று வாரமும் செய்யாறு பக்கம் ஒரு கும்பாபிஷேக வேலையில் இருந்தவர். நடுவில் ஒரே ஒரு வெள்ளிக்கிழமை வந்து போயிருக்கிறார்.

நம் கூடத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். சாமி சிலைகளுக்கு மேஸ்திரி கண் திறப்பார். தலைவர் சிலைகளுக்குப் பெயிண்டர் பாஷா பாய் திறப்பார். அந்த வெள்ளிக்கிழமை சிலையின் இடுப்புக்கு மேலே ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. மேஸ்திரி கண்ணுக்குத் தெரிந்தது முயலகன் மட்டும். செங்கத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்த நடராசர் ஆர்டர்தான் இது என்று நினைத்து, நல்ல நேரம் பார்த்து, முயலகனுக்குக் கண் திறந்து, கற்பூரமும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

"மேல பூட்ஸ் இருக்குதே, பாக்கலையா மேஸ்திரி?" என்று பாஷா பாய் கேட்டார்.

"நான் கண்ணைப் பாத்தேன்யா. காலையா பாத்தேன்?" என்றார் மேஸ்திரி. பிறகு என்னிடம், "கண்ணு தொறந்தாச்சு டீச்சரம்மா. கண்ணு தொறந்தவரைச் சுத்தியால அடிக்க என்னால ஆவாது. நீங்க வேணா பெயிண்டுல எதுனா பண்ணிக்கோங்க" என்றார்.

பெயிண்டில் எதையாவது செய்தோம். பாஷா பாய் முயலகனுக்குப் பச்சைச் சட்டை போட்டார். கோரைப்பல்லை மறைக்க மீசை வைத்தார். சுருட்டை முடியை ஒரு தொப்பிக்குள் அடக்கினார். பாம்பைக் கறுப்படித்துத் துப்பாக்கியாக்கப் பார்த்தார். மூன்று இடத்தில் வளைந்த துப்பாக்கி வந்தது. எல்லாம் முடித்துப் பின்னால் நகர்ந்து பார்த்தோம். நம் ரோட்டு முனையில் அப்போது நின்ற போக்குவரத்துக் காவலர் அச்சு அசலாக அங்கே படுத்திருந்தார். அதே வயிறு, அதே மீசை, அதே சிரிப்பு.

அவர் தினமும் பதினொரு மணிக்கு இங்கே டீ குடிக்க வருவார். அன்றைக்கும் வந்தார். டம்ளரோடு சிலையைச் சுற்றி வந்தார். கீழே குனிந்து பார்த்தார்.

"யாருப்பா இது? எங்கயோ பாத்த மாதிரி கீது."

நாங்கள் எல்லோரும் வேறு வேறு வேலை பார்த்தோம். அவர் போனபின் பாஷா பாய் மெதுவாக, "காலையில கண்ணாடில பாத்திருப்பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாவட்ட நூலகத்துக்குப் போனேன். உண்மையான எதிரியை ஒரு தடவையாவது பார்த்துவிட்டால் சரியாக வரைந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்தேன். மலை இருந்தது, பனி இருந்தது, தலைக்கவசம் போட்டவர்கள் இருந்தார்கள். ஒரு படத்தைப் பார்த்து இவன்தான் எதிரி என்று வேகமாக வரைய ஆரம்பித்துவிட்டேன். பாதி முகம் முடிந்தபின் கீழே இருந்த எழுத்தைப் படித்தால், அவர் நம் ஆள். அழித்துவிட்டு நோட்டை மூடினேன். படித்தவள் என்பதில் எனக்கு இருந்த கர்வம் அன்றைக்குக் கொஞ்சம் கம்மி ஆயிற்று.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது ஊர்த் தலைவர் சிலையைப் பார்வையிட வந்தார். கலாவதியும் வந்தாள். இடுப்பில் அவள் பெண். பட்டுப்பாவாடை கட்டி, பொட்டு வைத்து, அப்பாவைப் பார்க்கக் கூட்டி வந்திருந்தாள்.

நான் பயந்தது தலைவருக்கு. ஆனால் முதலில் வேறு ஒன்று நடந்தது. குழந்தை அந்த ஏழடி உருவத்தை நிமிர்ந்து பார்த்தாள். வாய் கோணிற்று. வீறிட்டு அழுதாள். "அப்பா கண்ணு, அப்பா பாரு" என்று கலாவதி கிட்டே கொண்டுபோகப் போக, அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இன்னும் ஜாஸ்தி அழுதாள். கலாவதி அவளை இறக்கி விட்டாள். இறங்கிய குழந்தையின் கண்ணுக்கு நேரே முயலகனின் சிரிப்பு இருந்தது. அழுகை நின்றது. மெதுவாகப் போய் அந்தத் தொப்பையைத் தட்டினாள்.

"மாமா தூங்கறாரு" என்றாள்.

கலாவதி என்னைத் திட்டவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

தலைவர் அதற்குள் குனிந்து பார்த்துவிட்டார். "யார்யா இவன்?"

"எதிரிங்க" என்றார் ஏழுமலை அண்ணன்.

"எந்த ஊரு எதிரி? பஸ் ஸ்டாண்டுல விசில் ஊதறவன் மாதிரி இருக்கான்! சிரிக்கிறான் வேற!" அவர் குரலுக்குத் தகரக் கூரை அதிர்ந்தது. "பாத்தா தெரியணும்யா. ஒரு தாடி வை. தலைக்கு வெள்ளைக் குல்லா வை. பச்சப் புள்ளைக்குக் கூடப் புரியும்."

பாஷா பாய் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் தரையைப் பார்த்தோம். பாய் பிரஷ்ஷைத் துணியில் துடைத்தார். தம் குல்லாவைச் சரி செய்துகொண்டார். தாடியைத் தடவிவிட்டுக்கொண்டார்.

"அளவுக்கு எங்க தேடுவீங்க தலைவரே? இந்தா, என் மூஞ்சி இருக்குதே. ஏழுமலை, நூல் எடு. மூக்குலேர்ந்து ஆரம்பி."

தலைவரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "ஐயே, உன்னயப் போய்ச் சொல்லுவனா பாய்?"

"தெரியும் தலைவரே. உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வாசல்ல பேரு எழுதுனதே நான்தான். நீங்க என்னயச் சொல்லல. ஆனா சிலை வாய் தொறந்து, நான் பாயைச் சொல்லலன்னு சொல்லாதுல்ல. அது பாட்டுக்கு நிக்கும். எம்பேரன் அந்த பஸ் ஸ்டாப்புல எறங்குனா, யார்னு நெனப்பான்?"

தலைவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டால் விசிறிக்கொண்டார். "சரிய்யா. தாடி வேணாம். அப்ப எதிரிய எப்படித்தான் காட்டறது? நானும் பாத்தவன் இல்ல."

"அவரே பாத்ததில்லீங்க" என்றாள் கலாவதி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினோம். அவள் குரல் சின்னது. "லீவுல வந்தப்போ நான் கேட்டேன், அவங்க எப்படி இருப்பாங்கன்னு. கிட்டத்துல பாத்ததே இல்லன்னாரு. எதிர் மலையில காலையில புகை வருமாம். டீ போடறாங்கடான்னு இவங்களும் டீ போடுவாங்களாம்."

"அப்ப கால்ல ஒரு டீக்கடைய வச்சுட்டாப் போச்சு" என்றார் ஏழுமலை அண்ணன். மேஸ்திரி முறைத்தார். ஆனால் கலாவதி சிரித்துவிட்டாள். நான்கு நாளுக்குப் பிறகு எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒரு கேள்வியை இரண்டு நாளாக மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். நூலகத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது. சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமா, சாமி விஷயமாயிற்றே, நான் யார் கேட்பதற்கு என்று விழுங்கிக்கொண்டே இருந்தேன். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"தலைவரே, உங்க ஊர்ல வேடியப்பன் கல்லு இருக்குதுங்களா?"

உங்களுக்கும் தெரிந்ததுதான். நம் பக்கத்து வயலோரங்களில், எந்தக் காலத்திலோ சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்லைத்தான் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்.

"இன்னா இப்படிக் கேட்டுட்ட? எங்க கொல்லையிலதான் இருக்காரு. எங்க கொலதெய்வமே அவருதான்."

"ஒரு கையில வில்லு, ஒரு கையில கத்தி. சரிங்களா?"

"ஆமா."

"அவரு கால்ல யாரு கெடக்காங்க?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். ஆண்டாண்டாக எண்ணெய் தேய்த்த கல். கண்ணை மூடினாலே அவருக்குத் தெரியும். "மாடு ஒண்ணு நிக்குது" என்றார்.

"எதிரி?"

"எதிரி... இல்லியே. அம்பு இருக்குது. நெஞ்சுல ரெண்டு, தொடையில ஒண்ணு குத்திக்கினு இருக்குது."

"அம்பு விட்டவரு?"

"அவன் எதுக்கும்மா கல்லுல? வருஷா வருஷம் நாங்க அவனுக்கும் சேத்தா பொங்கல் வெக்கறது?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டார். விசிறிய துண்டும் நின்றது.

மேஸ்திரி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். "அதுதான் தலைவரே. கால்ல கெடந்தா அவனும் சிலைதான். மேல போடற மாலைப் பூ கீழதான் விழும். கற்பூரம் காட்டினா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். முயலகனுக்கு அப்படித்தான் நடக்குது."

"நம்ம ஊரு மாலை அவனுக்கா!" தலைவர் முக்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நடக்காது. எடு அவனை. இன்னிக்கே எடு." பிறகு கொஞ்சம் இறங்கி, "ஆனா சண்டையில செத்தவன்னு எதுனா அடையாளம் வேணும்யா" என்றார்.

"தோட்டா பட்ட குழி வைங்க" என்றார் பாஷா பாய். "தோட்டாவுக்குத் தாடியும் கெடையாது, மீசையும் கெடையாது. அம்பு மாதிரிதான்."

"நெஞ்சுல வேணாங்க" என்றாள் கலாவதி உடனே.

"நெஞ்சுல வேணாம்மா. கால்ல பாறை போடறோம், மலை ஏறாரில்ல? அந்தப் பாறையில மூணு குழி."

முயலகனை உடைக்கவில்லை. கண் திறந்தவர் ஆயிற்றே. ஏழுமலை அண்ணன் கம்பியை மட்டும் ரம்பத்தால் அறுத்து, நான்கு பேர் சேர்ந்து அவரை அலுங்காமல் இழுத்து ஓரத்தில் வைத்தார்கள். எழும்பி நின்ற குதிகால் அப்போதுதான் உபயோகத்துக்கு வந்தது. அடியில் பாறையைக் கொடுத்தால் வீரர் ஏறுவது மாதிரியே இருக்கும். நான் இந்த முறை அரைப் பக்கம் குறிப்பு எழுதினேன். பாறை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சரிவு, குழி எவ்வளவு ஆழம், கடைசி வரி: "எதுவும் வழக்கம்போல் அல்ல."

மூன்றாம் நாள் காலை வந்தால், மேஸ்திரி சிலைக்கு எதிரே கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"அடப்பாவி ஏழுமலை! அண்ணாமலையார் மேலயே பூட்ஸ் கால வச்சிட்டியேடா!"

பார்த்தேன். கிழக்கிலிருந்து பார்க்கும்போது நம் மலை எப்படித் தெரியுமோ அப்படியே. தோள் சரிவு, நடுவில் உச்சி எல்லாம். பௌர்ணமிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு ஜனம் சுற்றி வருகிற மலைமேல் பூட்ஸ் கால். இதற்கு எதிரியே பரவாயில்லை.

"மலைன்னா எங்கையிக்கு அதுதாங்க வரும். பொறந்ததுலேர்ந்து வேற மலையப் பாத்ததில்ல" என்றார் ஏழுமலை அண்ணன், அழாத குறையாக.

நான் அரைப் பக்கம் எழுதியும் பாறை எப்படி இருக்கக் கூடாது என்று எழுதவில்லை. சாந்து ஈரமாக இருந்ததால் உச்சியைச் செதுக்கித் தட்டையாக்கினோம். அன்று முழுதும் மேஸ்திரி மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

விழாவுக்கு நானும் என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். துணி நழுவி விழுந்ததும் ஊரே கைதட்டியது. எனக்குச் சிலையில் கண் இல்லை. கலாவதி குழந்தையைப் பீடத்தின்மேல் இறக்கிவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழப்போகிறாள், அழுதால் நான்தான் காரணம் என்று என் பெண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை அண்ணாந்து பார்த்தாள். வாய் கோணியது. பிறகு குனிந்து பூட்ஸுக்குக் கீழே தேடினாள்.

"மாமா எங்க?"

"மாமா அவங்க வீட்டுக்குப் போயிட்டாரும்மா" என்றாள் கலாவதி.

அவள் அதை யோசித்தாள். பாறையில் மூன்று குழிகள் இருந்தன. பாவாடை மடியில் மல்லாட்டை வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து முதல் குழியில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டாவதிலும் வைத்தாள். மூன்றாவது கொஞ்சம் மேலே இருந்தது. எட்டவில்லை. இரண்டு கையாலும் அப்பாவின் பூட்ஸ் கயிற்றைப் பிடித்து, பாறைமேல் ஏறி நின்று, அதிலும் ஒன்றை வைத்துவிட்டு, இறங்க வழி தெரியாமல் அந்தக் காலையே கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை.

திறந்துவைக்க வந்த பெரியவர் தலைவரிடம், "இந்தக் குழி என்னங்க?" என்று கேட்டார்.

"அதுதாங்க எதிரி" என்றார் தலைவர், பெருமையாக.

பெரியவர் மல்லாட்டையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார்.

அவ்வளவுதான் சுமதி, ரேவதி. இதிலிருந்து உங்களுக்கு என்ன சொல்ல? தாளில் "வழக்கம்போல்" என்று எழுதாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள், நான்கு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். காலுக்குக் கீழே ஓர் ஆளை வைக்கச் சொல்லி யாராவது கேட்டால், மாலை போடப் போகிறவர்களிடம் முதலில் கேளுங்கள். வேறு பெரிய பாடம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தால் மேஸ்திரி சொல்வார்.

ஒன்று மறந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வேப்ப நிழலில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறாரே, நீங்கள் இருவரும் தினமும் டிபன் பாக்ஸ் வைக்கிறீர்களே, அந்தத் தொப்பை. அதில் டிபன் பாக்ஸ் ஏன் அவ்வளவு சரியாக உட்காருகிறது என்று யோசித்தீர்களா? அது பூட்ஸ் தடம். காதுக்குப் பின்னால் பச்சைப் பெயிண்ட் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வருடம் ஒரு தடவை, அப்பா சிலைக்கு மாலை போட்ட மறுநாள் கலாவதி தன் பெண்ணைக் கூட்டி வருவாள். என் பெரியவளைப் போல் இப்போது அவளும் இரண்டாம் வகுப்பு. அவளுக்கு மாமாவைப் பார்த்தாக வேண்டும். மடியில் மல்லாட்டை இருக்கும். இந்த வருடமும் வருவாள், நான் இருக்க மாட்டேன். அவள் வரும்போது டிபன் பாக்ஸை எடுத்துவிடுங்கள்.